ரொட்டிக்கு வந்த சம்மன்

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலில் வாய் திறந்தது முக்கோணம். பிறகு கல்லீரல் பேசியது. நைல் நதியின் ஒரு துளி பேசியது. இலக்கண வகுப்பில் இறந்தகாலம் நிகழ்காலத்தின் மீது ஜீவனாம்ச வழக்குப் போட்டது. யார் வேண்டுமானாலும் பேசலாம், பிள்ளைகள் மட்டும் தங்கள் சொந்தப் பெயரில் பேசக்கூடாது என்பது விதி.

விதியைக் கொண்டுவந்தவர் டாக்டர் ஃபிக்ரி. ஊசி போடுகிற டாக்டர் அல்ல. கல்வித் துறையில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். கஃபர் ஷஹ்லானில் இருக்கும் எங்கள் பெண்கள் நடுநிலைப் பள்ளிக்கு அவர் வந்த அன்று ஆசிரியர்கள் எல்லோரையும் நூலகத்தில் உட்கார வைத்தார்கள். நூலகத்தை நாங்களே அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தோம். புத்தகம் தொலைந்துவிடும் என்று அதை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள்.

"மாணவி எழுதும்போது தன்னை மறந்துடணும்," என்றார் டாக்டர் ஃபிக்ரி. "எந்தப் பாடமா இருந்தாலும் சரி, ஒரு தோர் எடுத்துக்கணும். நான் யாரு, யாருக்கு எழுதறேன், எந்த வடிவத்துல எழுதறேன், எதைப் பத்தி எழுதறேன். இந்த நாலுதான் சங்கதி. இதை நான் கண்டுபிடிக்கல, அதைப் பெருந்தன்மையா ஒத்துக்கறேன். ஆனா கண்டுபிடிச்சவங்களுக்கே இது எனக்குப் புரிஞ்ச அளவுக்குப் புரியல."

"உடற்பயிற்சியிலயுமா?" என்று உடற்பயிற்சி ஆசிரியை கேட்டார்.

"பந்து எழுதும்," என்றார் டாக்டர்.

இந்தத் தோர் என்கிற சொல்லில்தான் எங்கள் ஊருக்குச் சனி பிடித்தது. நாடகத்தில் போடுகிற வேடமும் எங்களுக்குத் தோர்தான். வரிசையில் நின்றால் நம் முறை வருவதும் தோர். கட்டடத்தின் மாடியும் தோர். சளிக்காய்ச்சல் வந்து படுத்தாலும் "ஒரு தோர் வந்து போச்சு" என்போம். டாக்டரின் சுற்றறிக்கை, "எட்டுப் பாடங்களுக்கும் தலா ஒரு தோர் உடனே ஏற்படுத்தப்பட வேண்டும்" என்றது. அதன் நகல் கட்டடப் பிரிவுக்கும் போயிற்று. அடுத்த வாரம் ஒரு பொறியாளர் அளவு நாடாவோடு வந்து மொட்டைமாடியில் ஏறி நின்று தலையைச் சொறிந்தார். இந்தப் பள்ளியின் அஸ்திவாரம் எட்டுத் தோர் தாங்காது என்று எழுதி அனுப்பினார். மாணவிகளின் அஸ்திவாரம் பலவீனம் என்பது தமக்கு ஏற்கெனவே தெரியும் என்றும், அதற்காகத்தான் இந்தத் திட்டமே என்றும் டாக்டர் பதில் எழுதினார். இரண்டு பேருக்கும் திருப்தி.

நான் இங்கே வரலாறு சொல்லிக்கொடுப்பவன். என் பக்கத்து நாற்காலி கணக்கு வாத்தியார் வக்தி. கதை அவருடையது. பயந்த மனிதர். கரும்பலகையில் கழித்தல் குறி போட்டால்கூட, யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் விடையை எழுதுவார். அவருடைய இருபது வருட வேலையில் அவர் பெயரில் ஒரு புகார் கிடையாது, ஒரு பாராட்டும் கிடையாது. அந்த இரண்டுமில்லாத இடத்தில் குடும்பத்தோடு ஓய்வு வரைக்கும் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

டாக்டரின் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள் எழுதுவதை உண்மையான வாசகர் படிக்க வேண்டுமாம். பெறுநர் என்று யாரைப் போட்டிருக்கிறார்களோ அவருக்கே அனுப்ப வேண்டும், பதில் வந்தால்தான் முழு மதிப்பெண். எழுதியவளின் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது, இருந்தால் தோர் கலைந்துவிடும்; அதே காரணத்துக்காகப் பள்ளி எழுத்தர் தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும். பள்ளியிலிருந்து வெளியே போகும் தாள் என்பதால் பொறுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும், தலைமையாசிரியையின் கழுகு முத்திரையும் வேண்டும்.

எங்கள் நாட்டில் கழுகு முத்திரை விழுந்த தாளுக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். நைல் துளி தன்னை யாரும் மதிப்பதில்லை என்று குடிநீர் நிறுவனத்துக்கு எழுதியதற்கு, "உங்கள் மீட்டர் எண்ணைக் குறிப்பிடவும்" என்று பதில் வந்தது. என் வகுப்பில் ஒருத்தி மம்மியாகி, கண்ணாடிப் பெட்டிக்குள் வெக்கையாக இருக்கிறது என்று அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். மூன்றாம் நபர் மூலம் விண்ணப்பிக்காமல் நேரில் வரும்படி சொன்னார்கள். பூஜ்யம் வேலை கேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதியது. "தங்கள் விண்ணப்பம் பதிவு செய்யப்பட்டது. தங்கள் தோர் வரும்வரை காத்திருக்கவும்." அதைப் படித்து நாங்கள் ஆசிரியர் அறையில் விழுந்து விழுந்து சிரித்தோம். வக்தி மட்டும் சிரிக்கவில்லை.

"பதிவு பண்ணிட்டாங்களே," என்றார். "பூஜ்யத்தையே பதிவு பண்றவங்க நம்மள விடுவாங்களா?"

அவருக்குச் சதவீதம் நடத்த வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் ஆகிக்கொள்ளுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் எழுதுங்கள், சதவீதம் வர வேண்டும், அவ்வளவுதான் என்று வகுப்பில் சொன்னார். சிலர் பள்ளித் தேர்ச்சி விகிதம் ஆனார்கள். சிலர் பருத்திக்கொட்டை ஆனார்கள். ரஹீக் என்று ஒரு பெண், ஒல்லியானவள், கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருபவள், அவள் ரொட்டி ஆனாள். ரேஷன் ரொட்டி.

ரொட்டிக்கு எங்கள் ஊரில் ஐஷ் என்று பெயர். உயிர்வாழ்வதற்கும் அதே சொல்தான். ஆகவே ரேஷன் வழங்கல் அலுவலகத்துக்குப் போன அந்தத் தாள் இப்படித் தொடங்கியது: "மதிப்பிற்குரிய ஐயா, நான் ஐஷ். நான் மெலிந்துகொண்டே வருகிறேன்." பிறகு கணக்கு. முன்பு இருந்த எடை, இப்போதைய எடை, குறைந்தது எவ்வளவு சதவீதம், அதே காலத்தில் விலை ஏறியது எவ்வளவு சதவீதம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டில் ஒரு வாய்க்கு விழுகிற துண்டு எவ்வளவு. ஒரு தசமப் புள்ளிகூடத் தவறவில்லை. கடைசியில், "எனக்கு யார் மேலும் கோபமில்லை. அம்மாக்கள் என்னைக் கிழித்துப் பங்கு போடும்போது தங்கள் பங்கைக் கடைசியில் எடுக்கிறார்கள். அப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று எழுதி, "இப்படிக்கு, ஐஷ்" என்று முடித்திருந்தாள்.

வக்தி கணக்கை மட்டும்தான் பார்த்தார். அதற்குப் பத்துக்குப் பத்து போட்டார். கையெழுத்தும் போட்டார். தலைமையாசிரியை இக்பால் முத்திரை குத்தினார்; டீச்சரம்மாக்களை நாங்கள் அப்லா என்போம், அவர் அப்லா இக்பால். தாள் போயிற்று.

பன்னிரண்டு நாளோ பதினான்கு நாளோ கழித்து வந்த உறையில் பதில் இல்லை, சம்மன் இருந்தது. "புகார்தாரர்: ஐஷ். மேற்பார்வை: ஆசிரியர் வக்தி. விசாரணைக்கு அடையாள அட்டையுடன் நேரில் வரவும்." அனுப்பியது வழங்கல் அலுவலகம் அல்ல. அவர்கள் அதை மேலே அனுப்பி, மேலே இருந்தவர்கள் பக்கத்தில் அனுப்பி, பக்கத்தில் இருந்தவர்கள் வாசலில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கட்டடம் இருக்கும் தெருவில் எங்கள் ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார்கள்.

வக்தியின் முகம் சாக்குக்கட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. நானும் அவரோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்.

"நான் அதைப் படிக்கவே இல்லை," என்றார் அப்லா இக்பால், யாரும் கேட்பதற்கு முன்பே. "நான் முத்திரை குத்தற எதையுமே படிக்கறதில்லை. இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு தாளைப் படிச்சேன்னு யாராவது நிரூபிக்கட்டும் பார்க்கலாம். அதனாலதான் என் பதிவேடு வெள்ளையா இருக்கு. நீங்க படிச்சீங்களா உஸ்தாத் வக்தி?"

"கணக்கை மட்டும் அப்லா."

"அதைச் சொல்லாதீங்க. கணக்குத்தான் அவங்களுக்குப் பிரச்சினையாம்."

டாக்டர் ஃபிக்ரிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் முதலில் ஆனந்தப்பட்டார். "உண்மையான வாசகர்! பார்த்தீங்களா? கவனமா, வரிவரியா படிக்கற வாசகர்! எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரி, என் பேரு அதுல எங்கயும் இல்லையே? நல்லது. நான் திட்டத்துக்குத்தான் பொறுப்பு, ரொட்டிக்கு இல்லை."

அன்று சாயங்காலம் வக்தி வீட்டுக்குப் போகிற வழியில் ரேஷன் ரொட்டிக் கடைச் சன்னலுக்கு முன் நின்றார். உள்ளே மாவு பிசைகிறவர் சுப்ஹி, ரஹீக்கின் அப்பா. முழங்கை வரை மாவு. அவர் தன் வேலையை இன்னொருவனிடம் விட்டுவிட்டுச் சன்னலுக்கு வந்தார்.

"உஸ்தாத், என் பொண்ணு கணக்கு நல்லா போடுதா?"

"போடுது."

சுப்ஹி பின்னால் முதலாளி இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். "தராசுல வெச்சுக் காட்டுன்னு கேட்டுச்சு. பாடத்துக்குன்னு சொன்னதால காட்டினேன்." குரலை இறக்கினார். "ரொம்ப நல்லா போட வேண்டாம் உஸ்தாத். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும்."

அப்போதுதான் வக்திக்கு முழுதாக விளங்கியது. தாளில் பெயர் இல்லை. மகளையும் அப்பாவையும் விட்டால், யார் எழுதியது என்று தெரிந்தவர் பூமியிலேயே தான் ஒருவர்தான். வாயைத் திறந்தால் ஒரு பெண்ணின் அப்பா போய்விடுவார், திறக்காவிட்டால் தான் போய்விடுவோம்.

வீட்டில் மனைவி இன்ஸாஃப் பையைத் தயார் செய்துவிட்டாள். இரண்டு ஜோடி காலுறை, ஒரு துண்டு, ரத்த அழுத்த மாத்திரை, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம்.

"எதுக்கு இவ்வளவு? விசாரணைக்குத்தானே போறேன்."

"எங்க சித்தப்பாவும் விசாரணைக்குத்தான் போனாரு, குளிர்காலம் முடிஞ்சுதான் வந்தாரு," என்றாள். "ஏன்யா, நீ கணக்கு வாத்தியார்தானே? ரெண்டும் ரெண்டும் நாலுன்னு எழுதிப் போட்டுட்டு வர வேண்டியதுதானே? ரொட்டியையெல்லாம் எதுக்குப் பேச விட்ட? நான் உன்னோட இத்தனை வருஷமா இருக்கேன், என்னைய ஒரு நாளாவது பேச விட்டிருக்கியா?" சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே மூன்றாவது ஜோடி காலுறையையும் வைத்தாள்.

மறுநாள் நடந்ததை வக்தி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் குரலை இன்னும் கொஞ்சம் இறக்கிச் சொல்வார். கடைசித் தடவை உதட்டசைவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

முதலில் ஒரு எழுத்தர். "புகார்தாரர் பேரு?"

"ஐஷ்."

"அப்பா பேரு?"

 காலியாக விட்டால் குற்றமாகிவிடுமோ என்று வக்தி, "கோதுமை," என்றார்.

"அம்மா பேரு?"

"மாவு."

"நிரந்தர முகவரி?"

"நிரந்தரம்னு... அது ஒரு நாளைக்கு மேல இருக்காது ஐயா."

"வாடகை வீடு," என்று எழுதிக்கொண்டார் எழுத்தர். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. சிரித்திருந்தால்கூட வக்திக்கு மூச்சு வந்திருக்கும்.

பிறகு உள்ளே அனுப்பினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குப் பெயர் இல்லை, எல்லோரும் பாஷா என்றார்கள். மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டார். வக்திக்கு அதில்தான் பயம் கூடியது. திட்டுகிற ஆள் திட்டி முடித்துவிடுவான், சர்க்கரை கேட்கிற ஆள் எப்போது முடிப்பான் என்று சொல்ல முடியாது.

"நாங்க ரொட்டிக்கு எதிரி இல்லை உஸ்தாத்," என்றார் பாஷா. "ரொட்டி மரியாதைக்குரிய குடிமகன். நானும் காலையில சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். ஆனா ரொட்டி தானா பேசாது. பேசினா, அதுக்குப் பின்னால ஒருத்தர் இருக்கணும். இன்னிக்குச் சதவீதம் போடற ரொட்டி, நாளைக்கு வர்க்கமூலம் போடும். அப்புறம் நாடு என்ன ஆகும்?"

"அது பாடம் பாஷா. அடுத்த மாசப் பாடம்," என்றார் வக்தி.

"அதாவது திட்டம் போட்டு நடக்குது." பாஷா குறித்துக்கொண்டார். "ரொட்டி இளைச்சுப்போச்சுன்னு சொல்றது வதந்தி. சரியான கணக்கோட சொல்றது பெரிய வதந்தி. தப்பா இருந்தா நாங்க மறுத்துட்டுப் போயிடுவோம். எங்க ஆளுங்க மூணு பேரு உட்கார்ந்து தப்பு தேடினாங்க, ஒண்ணும் கிடைக்கல. எவ்வளவு பெரிய சதின்னு பாருங்க. சொல்லுங்க, இது யாரோட தோர்?"

வக்தி தேநீர்க் குவளையை மேசையில் வைத்தார்.  சுப்ஹியின் மாவு அப்பிய கை கண்ணுக்கு முன்னால் வந்ததாக என்னிடம் சொன்னார். யோசித்திருந்தால் பெயரைச் சொல்லியிருப்பாராம். யோசிக்கவும் பயமாக இருந்ததால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"என்னோடதுதான் பாஷா."

"நீங்களா எழுதினீங்க?"

"நான்தான்."

பாஷா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் முன்னால் தள்ளினார். "அப்ப இன்னொரு தடவை எழுதுங்க. நீங்க ரொட்டி. எனக்கு எழுதறீங்க."

வக்தி எழுதினார்.  "மதிப்பிற்குரிய பாஷா அவர்களுக்கு, நான் ஒரு ரொட்டி. நான் வட்ட வடிவமானவன். என் பரப்பளவைக் காண ஆரத்தின் வர்க்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஓய்வூதியம் பெற இன்னும் பதினோரு ஆண்டுகள் உள்ளன." அதற்கு மேல் ஓடவில்லை.

பாஷா அதைப் படித்துவிட்டு மணியை அழுத்தினார். பக்கத்து அறையிலிருந்து டாக்டர் ஃபிக்ரி வந்தார். நிபுணராக அழைக்கப்பட்டிருந்தார். வக்தியைப் பார்க்கவே இல்லை. இரண்டு தாள்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்து, சட்டைப்பையிலிருந்து தன் மதிப்பெண் அட்டவணையை எடுத்தார்.

"பாஷா, இது என் சொந்த அளவுகோல்," என்றார். "தோருக்கு நாலு, குரலுக்கு நாலு, வாசகர் உணர்வுக்கு நாலு. முதல் தாளுக்கு எல்லாத்துலயும் நாலு. இந்தத் தாளைப் பாருங்க. ஓய்வூதியம் கேட்கற ரொட்டி! தோர் முதல் வரியிலேயே உடைஞ்சுபோச்சு. குரல் பூஜ்யம். இந்த மனுஷன் பத்து ஜென்மம் எடுத்தாலும் அந்த ரொட்டியை எழுத முடியாது. அதை எழுதினது ஒரு சின்னப் பொண்ணு. பதிமூணு வயசு இருக்கும். வீட்டுல ரொட்டியைப் பங்கு போடறதைப் பக்கத்துல இருந்து பாக்கறவ." கொஞ்சம் பெருமையோடு நிமிர்ந்தார். "என் முறை எவ்வளவு துல்லியம்னு இப்பத் தெரியுதா?"

தெரிந்தது. இத்தனை காலமும் பிள்ளைகளின் எழுத்தை யாராவது ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டோம். புரிந்துகொண்டவர் இவர்.

பாஷாவுக்கு அளவுகோல் மிகவும் பிடித்துவிட்டது. இருவரும் பேசி முடிவு செய்தார்கள். வரும் வியாழக்கிழமை பள்ளி முழுவதும் ஒரே கட்டுரை. எல்லா மாணவிகளும் ரொட்டி. எல்லோரும் வழங்கல் அலுவலகத்துக்கு எழுத வேண்டும், சதவீதம் வர வேண்டும், இந்த ஒரு தடவை தாளில் பெயரும் இருக்க வேண்டும். டாக்டர் திருத்துவார். எந்தத் தாளில் அந்தக் குரல் கேட்கிறதோ, அதை எழுதியவள்தான் ஆள். வக்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலுறைகள் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன.

இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மறுநாள் இடைவேளையில் ரஹீக் ஓடி வந்தாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பதில் வந்துவிட்டதே, தனக்கு வரவில்லையே என்று அவளுக்குக் கவலை.

"மிஸ்டர், என் ரொட்டிக்குப் பதில் வந்துச்சா?"

வக்தி அவளை மாடிப்படி வளைவுக்குக் கூட்டிப் போனார். நான் கீழ்ப்படியில் நின்று யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். இந்த அளவு வீரம் எனக்கு உண்டு.

"வியாழக்கிழமை மறுபடியும் ரொட்டிதான் எழுதச் சொல்வாங்க," என்றார். "நீ மோசமா எழுதணும்."

"மோசமாவா?"

"ஆமா. நல்ல வரி எதுவும் வரக் கூடாது. வந்தா அடிச்சிடு. சதவீதமும் தப்பா போடணும்."

அவள் முகத்தில் பயமே இல்லை. சந்தேகம் மட்டும்தான் இருந்தது. இத்தனை மாதமாக ஒரு தசமப் புள்ளிக்காக அவளை எழுந்து நிற்க வைத்தவர் இவர்தான்.

"எவ்வளவு தப்பா போடணும் மிஸ்டர்?"

வக்தி இதற்குத் தயாராக வரவில்லை. "எல்லாரும் போடற அளவுக்கு," என்றார். "உங்கப்பாவுக்காகன்னு வெச்சுக்கோ."

அப்பா என்றதும் அவள் கண் மாறியது. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை முற்றத்தில் மேசைகளைப் போட்டார்கள். பாஷா அனுப்பிய ஓர் ஆள், புதுச் சட்டையோடு, வரிசைகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். டாக்டர் ஃபிக்ரி ஒலிபெருக்கியில் பேசினார்: "கண்மணிகளே, சுதந்திரமா எழுதுங்க! பயமே வேண்டாம்! உங்க உண்மையான குரல் வரட்டும். அதுக்காகத்தான் நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்!" பிள்ளைகள் அந்த ஆளைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்கள். முற்றத்தில் பேனாச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. வக்தி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள்களைக் கட்டுக்கட்டாக ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் தன் அட்டவணையோடு உட்கார்ந்தார், பாஷாவின் ஆள் பக்கத்தில். டாக்டர் ஒரு தாளைப் படித்தார், அடுத்ததைப் படித்தார். பிறகு வேகமாகப் புரட்டினார். அவர் வைத்ததை எடுத்து நானும் படித்தேன்.

"ஐயா, நான் ஐஷ். நான் மிக நலமாக இருக்கிறேன். முன்பைவிடப் பெரியவனாகிவிட்டேன்." அடுத்தது: "நான் கனமாக இருப்பதால் அம்மாவால் என்னைத் தூக்க முடியவில்லை, மாஷா அல்லாஹ்." அடுத்தது: "என் மீது அக்கறை காட்டும் எல்லாப் பெரியவர்களுக்கும் நன்றி. எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் மீந்துபோகிறேன்." தாள் தாளாக, கட்டுக் கட்டாக, பள்ளி முழுவதும் ரொட்டிகள் கொழுத்துக் கிடந்தன. ஒரு வரி முறையீடு இல்லை. சதவீதங்கள் எல்லாம் ஏறுமுகம்.

 வக்தி சொன்னது ஒருத்திக்குத்தான். நான் கூடவே நின்றேன், வேறு யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட எந்தத் தோருக்கு என்ன வசனம் என்று தெரிந்திருந்தது. நாங்கள்தான் ஒரு வருடமாகச் சுற்றறிக்கை படித்துக்கொண்டிருந்தோம்.

பாஷாவே அன்று மாலை வந்தார். நான்கைந்து தாள்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்.

"பாருங்க, இதுதான் நம்ம பிள்ளைங்க," என்றார். "அந்த முதல் தாளை எழுதின மாதிரி ஒருத்திகூட இங்க இல்லை. எழுதினவ இல்லைன்னா எழுத்தும் இல்லை. ரொட்டி இளைக்கவே இல்லை. விஷயம் முடிஞ்சது." ஆனாலும் ஒத்துழைப்புக்காகத் தன் ஆள் கொஞ்ச காலம் ஆசிரியர் அறை வாசலில் நாற்காலி போட்டு இருப்பான் என்றார். அப்லா இக்பால் உடனே நாற்காலி கொடுத்தார். மெத்தை வைத்த நாற்காலி.

டாக்டர் ஃபிக்ரி தோற்றுப்போனதாக நினைத்தால் நீங்கள் அவரை அறியவில்லை என்று அர்த்தம். திட்டம் நூறு சதவீத வெற்றி என்று அறிக்கை அனுப்பினார். சிறந்த தாளுக்குப் பரிசு அறிவித்தார். அந்தத் தாள் ரஹீக்குடையதாக இருந்தது. மோசமாக எழுதுவதிலும் அவள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போயிருந்தாள். காலைக் கூட்டத்தில் அவளையே ஒலிபெருக்கியில் படிக்க வைத்தார்கள்.

"நான் ஐஷ். நான் மெலியவில்லை. மெலிந்தேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் தராசு தப்பு. எடை குறைந்த சதவீதம், பூஜ்யம்." கணீரென்ற குரல். ஒரு தடுமாற்றம் இல்லை. பாஷாவின் ஆள்கூடக் கை தட்டினான்.

"தோர்ல முழுசா கரைஞ்சுட்டா!" என்றார் டாக்டர். "இவளோட சொந்தக் குரல் எங்கயாவது கேக்குதா? கேக்காது! இதுதான் கல்வி!" பரிசாக ஒரு பூகோளப் படப்புத்தகம் கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் மதில் பக்கம் சுப்ஹி நின்றுகொண்டிருந்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். மகள் பரிசு வாங்குவதைப் பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் வேலைக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் வக்தியும் நானும் ஆசிரியர் அறையில் இருந்தோம். அவர் நிம்மதியாக இருந்தார். எல்லா ரொட்டிகளின் கணக்குக்கும் பத்துக்குப் பத்து போட்டு முடித்துவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு தன் ஃபூல் சாண்ட்விச்சை, மொச்சை மசியல் வைத்ததை, முழுதாகச் சாப்பிட்டார். கதவு திறந்திருந்தது. வாசலில் மெத்தை நாற்காலியில் அந்த ஆள், தேநீரோடு.

ரஹீக் தன் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பழைய ரொட்டியின் நகலை அவள் தன் கணக்கு நோட்டில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மிஸ்டர், இதுக்கும் பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அதுக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தீங்க. ரெண்டும் சரியா இருக்க முடியாதுல்ல? ஒரு கணக்குக்கு ஒரு விடைதான்னு நீங்கதானே சொல்லுவீங்க." அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரல்தான். பென்சிலைக்கூட எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "பரீட்சையில கேட்டா எதை எழுதறது? சரியான விடை எது மிஸ்டர்?"

வாசலில் தேநீர் உறிஞ்சும் சத்தம் நின்றது.

வக்தி என்னைப் பார்த்தார். நான் குனிந்து வரலாற்றுப் புத்தகத்தில் எதையோ தேடினேன். அவர் அவளுடைய பழைய தாளைக் கையில் எடுத்து, அந்த வரிசையான எண்களை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பூஜ்யம்," என்றார்.

வாசலுக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ரஹீக் நோட்டைத் திறந்து, எழுதிக்கொண்டாள்.